ஸ்க்ரிவ்னர்: 78 சூறாவளியை எழுத ஒன்றரை வருசம் பாவித்த பிறகு

ஸ்க்ரிவ்னர் நீளமான எழுத்துக்கென்றே செய்த ஒரு கணினி மென்பொருள். பத்துப் பதினைந்து பக்கத்தில் முடிகிற கட்டுரைக்கு அது வேண்டாம், வேர்ட் போதும். அதற்கு மேல் நீள்கிற ஒன்றை, பல பேரிடம் கேட்டு, பல இடத்தில் பொறுக்கிச் சேர்த்து எழுதப் போகிறீர்கள், வீட்டில் ஒரு லெப்டொப்பும் இருக்கிறது என்றால் இதை இறக்கிப் பாருங்கள். ஒன்றரை வருசமாக, கந்தோர் முடிந்து வந்து, பெரும்பாலான இரவுகளில் இதைத் திறந்து வேலை செய்த ஆள் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு எக்கச்சக்கமான மதிப்புரைகள் கிடைக்கும். தமிழில் எழுதுகிறவர், அதுவும் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறவர், காசு கட்ட முதல் தெரிந்திருக்க வேண்டியது வேறு. அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் எழுத எடுத்த விசயத்தைச் சொல்லாமல் மென்பொருளை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. 1978 நவம்பர் 23ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு மட்டக்களப்பில் அடித்த சூறாவளி. எங்கள் பக்கத்தில் வயதானவர்களிடம் எந்தக் கதையைக் கேட்டாலும் "அது சூறாவளிக்கு முதல்", "இது சூறாவளிக்குப் பிறகு" என்றுதான் காலத்தைப் பிரிப்பார்கள், ஆண்டு சொல்லத் தேவையில்லை. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போனது, தென்னந்தோட்டங்கள் வரிசை வரிசையாகப் படுத்தது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அம்மம்மாவின் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால். அந்த ஒரு ஊருக்கு அந்த இரவு என்ன ஆனது என்று எழுத நினைத்தேன். பதினொரு பேரிடம் போனில் பதிவு செய்தேன், கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம் குரல். இரண்டு சீஆர் கொப்பி நிறையக் குறிப்பு. பழைய பத்திரிகைத் துண்டுகளின் படங்கள், காணி உறுதி ஒன்று, நனைந்து காய்ந்து ஓரம் பழுப்பான மூன்று போட்டோ. எல்லாவற்றையும் வேர்டில் ஒரே கோப்பில் கொட்டினேன், அறுபத்து நான்கு பக்கம் வந்தது. அந்த அறுபத்து நான்கு பக்கத்தில் கட்டுரை இல்லை. மேலே போய் ஒன்றைத் திருத்தினால் கீழே இருப்பது மறந்து போகும், கீழே போனால் மேலே சொன்னதையே திரும்ப எழுதியிருப்பேன். இரண்டு மாதம் முதல் பந்தியையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பிரிஸ்டல் போர்ட் வாங்கி வெட்டினேன். ஒரு தாளில் முப்பதுக்கு மேல் துண்டு வரும். ஒரு துண்டுக்கு ஒரு விசயம், அதற்கு மேல் இல்லை: "கிணத்துக் கட்டு", "கோயில் மடத்தில் தங்கினது", "நிவாரண மாவு". பாயை விரித்து அதன்மேல் பரப்பிப் பார்த்தபோதுதான் என்னிடம் என்ன இருக்கிறது என்பதே முதல்முறையாகத் தெரிந்தது. மனதில் இதை வைத்துக்கொள்ளுங்கள், காசில்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல வேலை இது, இன்னும் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். சிக்கல் என்னவென்றால் ஒரே அறையில் சாப்பிட்டு, படுத்து, பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்கிற வீட்டில் நூற்றிப்பத்துத் துண்டுகளை நிலத்தில் விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு இரவும் பொறுக்கி ரப்பர்பேண்ட் போட்டு வைக்க வேண்டும், அடுத்த நாள் விரிக்கும்போது நேற்றுக் கண்டுபிடித்த ஒழுங்கு போயிருக்கும். ஃபேன் காற்று வேறு.

ஸ்க்ரிவ்னருக்கு வந்தது இந்தப் பாயைத் தேடித்தான். கீத் பிளவுன்ட் என்ற பிரித்தானியர், தனக்கு நாவல் எழுத வசதியான கருவி இல்லை என்று தானே செய்யத் தொடங்கி, 2007இல் மெக்குக்கு வெளியிட்டது. விண்டோஸுக்கு 2011இல் வந்தது. நான் பாவிப்பது விண்டோஸின் மூன்றாம் பதிப்பு, அது 2021இல் வந்தது. திறந்தால் இடது பக்கம் பைண்டர் என்று ஒரு பட்டை இருக்கும், உங்கள் எழுத்து முழுவதும் அதில் சிறு சிறு கோப்புகளாகக் கிடக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு அட்டை உண்டு. தலைப்பு ஒரு வரி, கீழே சாராம்சம் இரண்டு மூன்று வரி. கோர்க்போர்ட் என்ற பார்வைக்குப் போனால் எல்லா அட்டைகளும் ஒரு பலகையில் குத்திவைத்தது போல வரும். மவுஸால் ஒரு அட்டையைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் விட்டால், அதற்குள் இருக்கும் எழுத்தும் அதோடு நகரும். ஐந்து பக்கம் எழுதியிருந்தாலும் சரி, ஒன்றுமே எழுதாத வெற்று அட்டையானாலும் சரி. வேர்டில் வெட்டி ஒட்டும்போது வருகிற பயம், எதையோ தொலைத்துவிட்டோம் என்கிற அந்தப் பயம், இதில் வரவில்லை. தமிழ் எழுத்து அகலம் என்பதால் அட்டையில் வரிகள் சீக்கிரம் நிறைந்துவிடும், அட்டையின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று கிழமை நான் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. நூற்றிப்பத்துத் துண்டுகளையும் அட்டைகளாக ஏற்றினேன், ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியத்தில் சாராம்சம் எழுதினேன். இந்த ஒரு வாக்கிய வேலை லேசானது இல்லை. "சூறாவளிக்குப் பிறகு மக்கள் பட்ட துன்பம்" என்று எழுதினால் அது வாக்கியமும் இல்லை, விசயமும் இல்லை. "விழுந்த தென்னை ஓலையிலேயே கொட்டில் வேய்ந்து ஆறு மாதம் இருந்தார்கள்" என்றால் அது ஒரு அட்டை. எழுத முடியாமல் போன அட்டைகள் இருபதுக்கு மேல். அவற்றில் எனக்கே தெரிந்த செய்தி ஒன்றும் இல்லை, பெரிய சொற்கள்தான் இருந்தன, எடுத்துவிட்டேன்.

பிறகு நிறம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு லேபல் கொடுக்கலாம், லேபலுக்கு ஒரு நிறம். முதலில் யார் சொன்னது என்பதற்கு நிறம் கொடுத்தேன், அதில் பெரிய பலன் இல்லை. மாற்றி, அந்த இரவில் நடந்ததற்குச் சிவப்பு, அதற்குப் பிறகு நடந்ததற்குப் பச்சை என்று வைத்தேன். வைத்து முடித்துப் பலகையைப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு பச்சை. நான் இரண்டு மாதமாக அந்த இரவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, என்னிடம் பேசிய பதினொரு பேரும் அந்த இரவைக் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டு, அதன்பிறகு எப்படி உயிர் வாழ்ந்தோம் என்பதைத்தான் மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அறுபத்து நான்கு பக்க வேர்ட் கோப்பில் இது கண்ணில் பட வழியே இல்லை.

கேள்வி அங்கிருந்து வந்தது. எங்கள் பக்கத்து நெடுந்தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு வருசம் ஆகும். 78 நவம்பரில் வளவில் நின்ற அவ்வளவு மரமும் விழுந்த வீட்டில், உடனே கன்று வைத்தாலும் 85, 86 வரை தேங்காய் இல்லை. அப்படியானால் அந்த ஏழு வருசம் அந்த வீடு எதை விற்று எதைச் சமைத்தது? இதுதான் கட்டுரை. பச்சை அட்டைகள் எல்லாம் இந்தக் கேள்விக்குத் தாமாகவே வந்து வரிசையில் நின்றன: முதல் கிழமைகளில் விழுந்த மரத்தின் குருத்தை வெட்டிக் கறி வைத்தது, மரத்தை அறுத்து விற்றது, சேனையில் சோளனும் மரவள்ளியும் போட்டது, அம்மாவின் காதுப்பூ அடகுக்குப் போனது. கன்று காய்க்கத் தொடங்கிய காலத்தில் நாடு வேறு மாதிரி ஆகியிருந்தது, 90இல் அந்த மரங்களையும் விட்டு ஊரே இடம்பெயர்ந்தது. அது கட்டுரையின் கடைசிப் பகுதி ஆனது. கேள்விக்குப் பதில் சொல்லாத அட்டைகளை அழிக்கவில்லை, பைண்டரில் "பிறகு" என்று ஒரு கோப்புறை போட்டு அதற்குள் தள்ளினேன். அழிக்கத் தேவையில்லை என்றதால் வெளியே எடுக்க மனம் வந்தது.

அம்மம்மாவின் ஒரு அட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதிவில் அவ சொன்னது இது:

"காத்து நின்டிட்டு புள்ள. ஒரு சத்தமும் இல்ல. வானத்துல வெள்ளி தெரிஞ்சிச்சு. முடிஞ்சிதெண்டு உங்கட அம்மப்பா மாட்டப் பாக்க வெளிய போயிட்டார். அப்பதான் மத்தப் பக்கத்தால வந்திச்சு."

சூறாவளியின் நடுக்கண் மேலே போகும்போது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையில் இருந்து அடிக்கும். அம்மம்மாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அம்மப்பா விடியும்வரைக்கும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், அம்மா அப்போது ஐந்து வயதுப் பிள்ளை, அம்மம்மாவின் மடியில். இந்த அட்டை என்னிடம் நாற்பதாவதோ என்னவோ, அந்த இரவை நேர ஒழுங்கில் சொல்லும்போது நடுவில் வருகிற ஒன்றாகக் கிடந்தது. கேள்வி கிடைத்த பிறகு ஒரு இரவு அதைப் பிடித்து இழுத்து எல்லாவற்றுக்கும் முதலாவதாக விட்டேன். முடிந்துவிட்டது என்று நம்பி ஒரு மனிதர் வெளியே போகிற அந்த இடத்தில் கட்டுரை தொடங்கினால், அதற்குப் பின்னால் வரும் ஏழு வருசத்துக்கு வேறு முன்னுரை வேண்டாம். பலகையில் ஒரு அட்டை நகர்ந்தது, அவ்வளவுதான் வேலை, ஆனால் இரண்டு மாதம் திருத்தித் திருத்திக் கிடைக்காத முதல் பந்தி அன்றைக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்தது.

குரல் பதிவுகளுக்கு இது தருகிற வசதி எனக்கு எதிர்பாராதது. எம்பி3 கோப்புகளை ரிசர்ச் கோப்புறைக்குள் போட்டுவிடலாம், திரையை இரண்டாகப் பிரித்து மேலே குரல், கீழே எழுத்து என்று வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதலாம். நிறுத்தினால் சில விநாடி பின்னுக்குப் போய் நிற்கும்படியும் அமைக்கலாம். ஒன்பது மணித்தியாலக் குரலை எழுத்தாக்கியவருக்கு அந்தச் சில விநாடியின் அருமை தெரியும். காணி உறுதியின் ஸ்கேனையும் போட்டோக்களையும் அப்படியே உள்ளே வைத்திருந்தேன், எதையும் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

ஸ்னாப்ஷொட் என்று ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திருத்த முதல் அதை அழுத்தினால் அந்த நேரத்து எழுத்து பத்திரமாக இருக்கும், பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம். தட்டச்சு செய்வதை நிறுத்திய இரண்டாவது விநாடியே தானாகச் சேமித்துவிடும், மூடும்போது ஒரு பிரதியையும் எடுத்து வைக்கும். மாரி காலத்தில் கரண்ட் எந்த நேரம் போகும் என்று தெரியாத ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனிக் கவனிக்க வேண்டியவை. விலை 60 டொலரளவில், ஒரே தரம் கட்டுவது, மாதச் சந்தா இல்லை. எனக்கு ரூபாயில் 18,000ஐத் தாண்டியது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கழிவு உண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதுகிற பிள்ளைகள் அதைப் பாருங்கள். விண்டோஸுக்கு வாங்கியது மெக்குக்குச் செல்லாது. வாங்க முதல் 30 நாள் இலவசம், அந்த 30 நாள் நீங்கள் திறந்து பாவித்த நாட்களை மட்டும்தான் எண்ணும், கிழமையில் இரண்டு நாள் திறந்தால் மூன்றரை மாதத்துக்குப் போகும். நான் வாங்கிய நேரத்தில் கேள்வி வரைக்கும் வந்துவிட்டேன், அந்த இலவச நாட்களுக்குள்ளேயே.

அன்ட்ரொய்டில் இது இல்லை. ஐபோன், ஐபேட்டுக்கு உண்டு. எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களின் கையில் இருப்பது அன்ட்ரொய்ட் போன், அதனால் பஸ்ஸில் போகும்போது தோன்றுவதை நேரே இதற்குள் எழுத முடியாது. நான் வட்ஸ்அப்பில் எனக்கே செய்தி அனுப்பி வைத்து, இரவில் வந்து அட்டை ஆக்குவேன். சரி, பெரிய கஷ்டம் இல்லை, ஆனால் போனில் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த மென்பொருள் ஆகவே ஆகாது. அவர் ஒப்சிடியனைப் பார்க்கலாம், அது இலவசம், அன்ட்ரொய்டிலும் ஓடும், அதிலும் கன்வஸ் என்று அட்டைகளைப் பரப்புகிற ஒரு பலகை உண்டு. நான் கொஞ்ச நாள்தான் அதைப் பாவித்தேன், தனித்தனிக் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைக்க நல்லது, ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஒரே எழுத்தாக வாசிக்க ஸ்க்ரிவ்னர்தான் எனக்கு வசதி. ஸ்க்ரிவனிங்ஸ் பார்வையில் வைத்தால் ஐம்பது அட்டையின் எழுத்தும் தொடர்ச்சியாக ஒரே பக்கமாக வரும், எந்த இடத்தில் மூட்டு இடிக்கிறது என்று சத்தமாக வாசித்தால் தெரிந்துவிடும்.

விண்டோஸில் உங்கள் திட்டம் ஒரு கோப்பு இல்லை, ஒரு கோப்புறை. பென் டிரைவில் எடுக்கும்போது அந்தக் கோப்புறையை முழுசாக எடுங்கள், உள்ளே திறக்கிற அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் எடுத்தால் வேறு கணினியில் எழுத்து வராது. இதை முதல் நாளே யாராவது சொல்லித் தர வேண்டும், நான் சொல்கிறேன்.

கடைசியில் எல்லாவற்றையும் வேர்டாகவோ பீடிஎஃப் ஆகவோ வெளியே எடுக்கிற இடத்துக்குக் கம்பைல் என்று பெயர். அதில் எதற்கு எது என்று பிடிபட இரண்டு மாலை வேண்டும். தமிழுக்கு ஒரே ஒரு விசயம்: மேலே எழுத்துரு தெரிவு செய்கிற இடத்தில் நிர்மலா போன்ற ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவை நீங்களே தெரிவு செய்துவிடுங்கள், மிச்சத்தை வேர்டில் பார்த்துக்கொள்ளலாம். எழுதும்போதும் யூனிகோடிலேயே எழுதுங்கள். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது, நூறு அட்டையில் "மரவள்ளி" எங்கே வந்தது என்று தேட முடியாவிட்டால் இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? நான் கட்டுரையைச் சிறு நூலாக அடிக்கக் கொடுத்த அச்சகத்தில் பாமினியில்தான் வேண்டும் என்றார்கள், மாற்றிக் கொடுத்தபோது சில எழுத்துகள் இடம் மாறி, ஊரின் பெயரே இரண்டு இடத்தில் பிழையாக அச்சானது. இப்போது யூனிகோட் எடுக்கிற அச்சகங்கள் இருக்கின்றன, கொடுக்க முதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரை இருபத்து நான்காயிரம் சொல்லில் முடிந்தது. அம்மம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, நானே இருந்து மூன்று நாள் வாசித்துக் காட்டினேன். "மாவு வந்தது கோயில் மடத்துக்கில்ல புள்ள, பள்ளிக்குடத்துக்கு" என்று ஒரு இடத்தில் நிறுத்தினா, அன்றைக்கு இரவே அந்த அட்டையைத் திறந்து திருத்தினேன்.

இப்போது அடுத்ததைத் தொடங்கியிருக்கிறேன், மண்முனைத் துறையில் ஓடிய பாதையைப் பற்றி. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். 2014இல் பாலம் திறக்கும்வரைக்கும் படுவான்கரைச் சனம் கொச்சிக்காயும் நெல்லும் மோட்டார் சைக்கிளுமாக ஏறி வாவியைக் கடந்தது அதில்தான். பதினான்கு அட்டை சேர்ந்திருக்கிறது, நிறம் இன்னும் போடவில்லை. பாதை ஓட்டிய ஒருவரைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.